முதல் கைத்துப்பாக்கி: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழுதுபார்க்கும் மேசையில் வேலை செய்கிறேன். தமிழ்ச் சங்க விழாவோ பிறந்தநாள் விருந்தோ, என் தொழில் தெரிந்ததும் யாராவது ஓரமாக அழைத்துப் போய்க் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அதனால் அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் என்று எழுதியிருப்பது ஃபெடரல் சட்டம். உங்கள் மாநிலம் அதற்கு மேல் இன்னும் கடுமையாக இருக்கலாம்.

"பக்கத்துத் தெருவுல நகை திருட்டு. பயமா இருக்கு. ஒரு துப்பாக்கி வாங்கிடலாமா?"

பயம் நியாயமானதுதான். வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்து இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளைக் குறிவைத்த கும்பல்கள் ஜார்ஜியா, டெக்சஸ், நியூ ஜெர்சி, மிச்சிகன் எனப் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஆனால் திருட்டு நடந்த வாரமே துப்பாக்கி வாங்காதீர்கள். நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். வாசல் கதவுச் சட்டத்தில் நீளமான திருகாணி போடுங்கள், விளக்கும் கேமராவும் வையுங்கள். திருட்டு பெரும்பாலும் ஆள் இல்லாத வீட்டில்தான் நடக்கிறது. அப்போது பீரோவில் இருக்கும் துப்பாக்கியும் திருடனோடு போய்விடும்.

அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், கற்றுக்கொள்ளவும் பழகவும் நேரம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

"எனக்கு க்ரீன் கார்டுதான். சிட்டிசன் இல்ல. வாங்க முடியுமா?"

முடியும். நிரந்தரக் குடியிருப்பாளருக்கு ஃபெடரல் சட்டத்தில் தடை இல்லை. லைசென்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். இப்போதைய முகவரியோடு அரசு அடையாள அட்டை வேண்டும், க்ரீன் கார்டு எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். வீடு மாறியதும் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றாமல் கடைக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

"எச்1பி-ல இருக்கேன். வேட்டை லைசென்ஸ் எடுத்தா வாங்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். நிஜமா?"

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அவற்றில் ஒன்று. ஆக, நண்பர் சொன்னது பொய் இல்லை.

ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வாங்கும் நாளில் மட்டுமல்ல, துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால், அன்றிலிருந்து நீங்கள் வைத்திருப்பது குற்றம். துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு நாடு கடத்துவதற்கே காரணமாகலாம். இத்தனை வருடம் க்ரீன் கார்டு வரிசையில் நின்றதை இதற்காகப் பணயம் வைக்க வேண்டாம். செய்தே தீருவேன் என்றால், முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

"கடையில என்ன நடக்கும்? ரொம்ப நேரம் ஆகுமா?"

4473 என்ற படிவத்தை நீங்களே நிரப்ப வேண்டும். கடைக்காரர் உங்கள் விவரத்தை எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். இது 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல பேருக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும், சிலருக்குத் தாமதமாகும். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியலா குடும்பப் பெயரா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும், பாதுகாப்புத் தேர்வும் உண்டு. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வேறு மாநிலக் கடையில் ஒன்று பிடித்திருந்தால் அதை உங்கள் மாநிலத்துக் கடைக்கு அனுப்பச் சொல்லித்தான் வாங்க முடியும்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. முதல்ல எதை வாங்கணும்?"

பழகத்தான் என்றால் .22 பிஸ்டல் (.22, 9 மிமீ, .45 எல்லாம் தோட்டாவின் பருமனைக் குறிக்கும் அளவுகள்). வீட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால், நடுத்தர அளவில் ஒரு 9 மிமீ பிஸ்டல். க்ளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி காம்பாக்ட், வால்தர் பிடிபி, சிஸட் பி-10 சி இவற்றில் எதை எடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். பேரல், அதாவது குழல், நாலு அங்குலத்தை ஒட்டி இருக்கும், உதிரி பாகமும் தோட்டா அடுக்கும் மேகசினும் எங்கும் கிடைக்கும். "9 மிமீ போதுமா, .45 வேண்டாமா" என்பது பழைய சண்டை. எஃப்பிஐயே 2010களின் நடுவில் .40-ஐ விட்டு 9 மிமீ-க்குத் திரும்பியது. உதைப்பு குறைவு, தோட்டா மலிவு, அதனால் அதிகம் பழகலாம்.

ஆனால் இந்தப் பட்டியலை விட உங்கள் கை முக்கியம். செருப்பு வாங்குவது போலத்தான், போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடையில் துப்பாக்கி காலியாக இருப்பதை விற்பனையாளரும் நீங்களும் கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பள்ளம் பிடியின் பின்பக்க உச்சியில் உட்காரும்படி பிடியுங்கள். பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். பிடியைத் திருப்பாமலே ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரைத் தொட வேண்டும். விரல் எட்டாமல் பிடியைத் திருப்ப வேண்டி வந்தால், எவ்வளவு பேர் பெற்ற மாடலாக இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை.

பிறகு பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், மேகசினை நிரப்பிப் பாருங்கள். கடைசியாக, வாடகைக்குத் துப்பாக்கி தந்து சுட்டுப் பழக விடும் ரேஞ்சுக்குப் போய் இரண்டு மூன்றைச் சுட்டுப் பாருங்கள். கடையில் கைக்கு வாகாக இருந்தது, சுடும்போது வேறு மாதிரி இருக்கும். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டவர்கள்தான் சில மாதம் கழித்து "இதைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?" என்று வருகிறார்கள்.

"மனைவிக்கு வாங்கறேன். பெண்களுக்குச் சின்னதுதானே சரி?"

இல்லை. முதல் துப்பாக்கி விஷயத்தில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். துப்பாக்கி சிறுத்து எடை குறைந்தால் அதே தோட்டாவின் உதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, குறி பார்க்க உதவும் முன், பின் சைட்டுகளுக்கு இடையிலான தூரமும் குறையும். ஒரு சிறிய ரிவால்வரை முதல் முறை சுட்டுவிட்டு, வலியில் கீழே வைத்து, பிறகு துப்பாக்கி பக்கமே வராத பெண்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் "அழகா இருக்கு" என்று அதைத் தேர்ந்தெடுத்துத் தந்திருப்பார்.

அவரையே அழைத்துப் போங்கள், அவரே பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஸ்லைடை இழுக்க விரலில் வலு போதவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸி வரிசை அதற்கென்றே செய்தது. மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கும் அதைத்தான் காட்டுவேன்.

"ரிவால்வர்னா சிக்காதுன்னு சொல்றாங்களே?"

குறைவாகச் சிக்கும். ஆனால் சிக்கினால் பிஸ்டல் போலத் தட்டி இழுத்துச் சரிசெய்ய முடியாது, பெரும்பாலும் மேசைக்குத்தான் வரும். டிரிகரும் கனம். க்ளாக்கில் ஐந்தரை பவுண்டு என்றால், ரிவால்வரில் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் சுட அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். புதியவரின் குறி அந்த இழுப்பில்தான் விலகுகிறது. எஃகில் செய்த நாலு அங்குல .38 ரிவால்வர் பழகுவதற்கு மிக நல்லது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சினிமாவில் காட்டுவது போல மணிக்கட்டைச் சுண்டி உருளையை மூடாதீர்கள். உருளையைத் தாங்கும் கை வளைந்துவிடும். பிறகு தோட்டா இருக்கும் அறை பேரலோடு நேராக நிற்காது, குண்டு ஓரத்தில் உரசி ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். இரண்டு கையாலும் மென்மையாக மூடுங்கள்.

"செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?"

தாராளமாக. நல்ல துப்பாக்கிகள் பல தலைமுறை தாங்கும். பேரலுக்குள் விளக்கு அடித்துப் பாருங்கள். வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் உள்ளே ஒருமுறை குண்டு அடைத்து, அதன் மேல் இன்னொன்று சுடப்பட்டிருக்கலாம். வேண்டாம். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் கையில் எடுக்காமலே வெளியே வாருங்கள், அதை வைத்திருப்பதே குற்றம். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

ஒரே மாநிலத்துத் தனிநபர்கள் தங்களுக்குள் விற்கும்போது ஃபெடரல் சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை, சில மாநிலங்கள் கேட்கின்றன. உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் கடை வழியாகவே மாற்றிக்கொள்ளுங்கள்.

"முதல் தடவை ரேஞ்சுக்குப் போறேன். என்ன தெரிஞ்சிருக்கணும்?"

நான்கு விதி. எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருக்கிறது என்றே நினையுங்கள். அழிக்க விரும்பாத எதை நோக்கியும் துப்பாக்கியின் வாயைத் திருப்பாதீர்கள். குறி பார்க்கும் வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். விபத்து நடக்க வேண்டுமென்றால் பொதுவாக இவற்றில் ஒன்றுக்கு மேல் மீறப்பட்டிருக்க வேண்டும்.

கண்ணாடியும் காதுக் காப்பும் கட்டாயம். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலுக்கு மேல் போகும், ஒரே வெடியில் கூடச் செவி நிரந்தரமாகப் பாதிக்கலாம். உள்ளரங்க ரேஞ்சு என்றால் காதுக்குள் அடைப்பான், அதன் மேல் கவசம் என்று இரண்டும் போடுங்கள்.

யாரும் அதிகம் சொல்லாத விஷயம் ஈயம். சுட்ட பிறகு கையிலும் சட்டையிலும் ஈயத் தூசி இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், அதே உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். கர்ப்பிணிகள் ரேஞ்சுக்கு வராமல் இருப்பதே நல்லது.

"சுட்டா தோட்டா சிக்கிச் சிக்கி நிக்குது. துப்பாக்கி ஃபால்ட்டா?"

பெரும்பாலும் இல்லை. என் மேசைக்கு "கெட்டுப்போச்சு" என்று வருவதில் பெரும்பகுதி மூன்றில் அடங்கும். ஒன்று, மணிக்கட்டைத் தளரவிட்டுப் பிடிப்பது. துப்பாக்கி முழுவதும் பின்னால் போனால் ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காது. இரண்டு, மேகசின். தோட்டாவைப் பிடித்திருக்கும் அதன் மேல் உதடு வளைந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள், ஒரே எண்ணில் மட்டும் சிக்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மூன்று, தோட்டா. வேறு பிராண்டில் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு வெடி வழக்கத்தை விட மெதுவாக, 'புஸ்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். வாயை இலக்குப் பக்கமே வைத்து, ரேஞ்சு அதிகாரியைக் கூப்பிடுங்கள். கம்பியை விட்டுக் குத்தி எடுக்க முயல வேண்டாம்.

"கிளீன் பண்றது எப்படி? எண்ணெய் நிறைய விட்டா நல்லதுதானே?"

நிறைய விட்டால் அது கரியையும் தூசியையும் சேர்த்துப் பசையாகிவிடும். ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு சொட்டு, பேரலின் வெளிப்பக்கம் தேய்ந்து பளபளக்கும் இடங்களில் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். சுடும் ஊசி ஓடும் குழாயில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பிரிப்பதற்கு முன் மேகசினை எடுங்கள், பிறகு தோட்டா உட்காரும் அறையான சேம்பரைப் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசினை எடுக்காமல் ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். க்ளாக்கைப் பிரிக்க டிரிகரை இழுத்தே ஆக வேண்டும், சுத்தம் செய்யும்போது வெடித்தது என்ற கதைகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன. தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

கையேட்டில் சொன்னதற்கு மேல் பிரிக்காதீர்கள். ரூகரின் .22 பிஸ்டல் 1949 முதல் வருகிறது, அருமையான துப்பாக்கி. ஆனால் அதன் பழைய மாடல்களைத் திரும்பப் பூட்டுவது பெரிய பாடு. பிளாஸ்டிக் பையில் பாகங்களாகவே கொண்டுவந்து தருவார்கள். 2016இல் வந்த மார்க் 4-இல் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும். மேலே .22 வாங்கச் சொன்னேனே, அப்போது மனதில் இருந்தது இதுதான்.

"யூடியூப் பார்த்து டிரிகரை லைட் பண்ணிக்கலாமா?"

முதல் துப்பாக்கியில் வேண்டாம். டிரிகர் கனமாகத் தெரிவது பழக்கத்தில் பாதி சரியாகிவிடும். சுத்தியல் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் டிரிகர் மென்மையாகும், ஆனால் தோட்டாவின் அடியில் அடி பலமாக விழாது. அவசரத்தில் 'டிக்' என்று மட்டும் கேட்கும்.

டிரிகரின் உள் பாகங்களைத் தேய்ப்பது இன்னும் ஆபத்து. சுத்தியலைத் தாங்கும் பாகத்தின் விளிம்பு நுணுக்கமான கோணத்தில் வெட்டப்பட்டது, அதன் மேல் கடினப்படுத்திய மெல்லிய தோல் இருக்கும். அதைக் கல்லால் தேய்த்துத் தோலைப் போக்கிய ஒரு 1911 பிஸ்டல் வந்தது. ஸ்லைடை மூடினாலே சுத்தியல் பின்தொடர்ந்து விழுந்தது. அந்தப் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பொருத்துவது தவிர வழியில்லை. சைட்டு மாற்றுவது, ரப்பர் பிடி போடுவது, ஸ்பிரிங்கை அதே அளவில் புதிதாக மாற்றுவது, இவை பாதுகாப்பான வேலைகள். தானாகத் தொடர்ந்து சுடும்படி மாற்றித் தரச் சொல்லி வருபவரை நான் வெளியே அனுப்பிவிடுவேன். அது பத்து வருடச் சிறைக்குரிய குற்றம்.

"ரிப்பேருக்கு விட்டா பேப்பர் வேலை உண்டா?"

உங்களுக்கு இல்லை, எங்களுக்கு உண்டு. துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்யும் கன்ஸ்மித்துக்கு ஃபெடரல் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி இரவு கடையில் தங்கினால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கொடுத்தவரிடமே திருப்பித் தந்தால் 4473 தேவையில்லை. அதனால் உங்கள் துப்பாக்கியைத் திரும்பப் பெற வேறு ஆளை அனுப்பாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் கராஜில் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

"வீட்ல சின்னப் பசங்க. பீரோ மேல ஒளிச்சு வச்சா போதாதா?"

போதாது. குழந்தைகளுக்குத் தீபாவளிப் பட்சணம் எங்கே ஒளித்திருக்கிறது என்பதே தெரியும். பூட்டிய பெட்டி, அதை நகர்த்த முடியாதபடி திருகாணியால் இறுக்குவது, தோட்டா தனியாகப் பூட்டு. இது ஒன்றுதான் வழி. கடையில் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டு தருவது சட்டப்படி கட்டாயம், அதையும் பயன்படுத்துங்கள். விரல் ரேகைப் பெட்டி வாங்கினால் பதியாத விரல்களை, முக்கியமாகக் குழந்தையின் விரலை, வைத்துச் சோதியுங்கள். யார் விரலுக்கும் திறந்ததால் 2023இல் ஆயிரக்கணக்கான பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

நண்பர் வீட்டுக்குக் குழந்தையை விளையாட அனுப்பும் முன், "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா?" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை.

"நான் சிட்டிசன், மனைவி இன்னும் எச்4. வீட்ல வைக்கலாமா?"

நீங்கள் வைத்திருக்கலாம், அவர் வைத்திருக்கக் கூடாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன தடை அவருக்கும் பொருந்தும். கையில் எடுத்தால்தான் 'வைத்திருப்பது' என்றில்லை. தெரிந்தே, எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற நிலையும் அப்படிக் கருதப்படலாம். எனவே பெட்டியின் எண்ணோ சாவியோ உங்களிடம் மட்டும் இருக்கட்டும். உங்களோடு தங்க வரும் எச்1பி நண்பருக்கும் இதேதான்.

"தம்பி பணம் தரான், அவனுக்காக நான் வாங்கிக் கொடுக்கலாமா?"

கூடாது. 4473 படிவத்தில் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்ற கேள்வி இருக்கிறது. அவர் பணத்தில் அவருக்காக வாங்கி "ஆம்" என்று எழுதினால் அது பொய். அவரே சட்டப்படி வாங்கக்கூடியவராக இருந்தாலும் குற்றம்தான் என்று 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கத் தடை உள்ளவருக்காக என்றால் 2022 சட்டப்படி 15 வருடம் வரை சிறை. உங்கள் பணத்தில், தடை இல்லாத ஒருவருக்கு உண்மையான பரிசாகத் தருவது வேறு. அதிலும் அவர் வேறு மாநிலம் என்றால் அங்குள்ள கடை வழியாகவே போக வேண்டும்.

"வீட்ல ஒருத்தர் கொஞ்ச நாளா ரொம்ப டிப்ரஸ்டா இருக்கார். துப்பாக்கியை என்ன பண்றது?"

இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. 2021இல் 48,830 பேர் இறந்தார்கள், அதில் 26,328 பேர் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் நடந்து 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு, பெண்களிடம் 35 மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த எண்ணம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும்.

பல கடைகளும் ரேஞ்சுகளும், சில ஊர்களில் காவல் நிலையமும், தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். காரணம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, நானும் கேட்பதில்லை. 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். நம் குடும்பங்களில் இதை வெளியே சொல்லத் தயங்குவார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள்.

"ரேஞ்சுக்குத் தூக்கிட்டுப் போற பேக்பேக்லயே ஊருக்குத் துணி பேக் பண்ணிட்டேன். பிரச்சினையா?"

பெரிய பிரச்சினை. அந்தப் பையை இந்தியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் வழக்குதான். 9 மிமீ அங்கே தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஏறும்போது கவனத்துக்கு வராமல், டெல்லியிலோ சென்னையிலோ உள்நாட்டு விமானத்துக்கு மாறும்போது எக்ஸ்ரேயில் ஒரு தோட்டா தெரிந்து கைதானவர்கள் உண்டு. அது பையில் இருப்பது தெரியாமலே இருந்தது என்று நிரூபித்தால் உயர் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் விடுமுறையும் வேலையும் என்ன ஆவது?

ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். இப்போது கட்டியிருக்கும் பையைக் காலி செய்து வேறு பெட்டியில் அடுக்குங்கள். ஜாக்கெட் பைகளையும், தோட்டா ஏதும் தையலுக்குள் போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காலித் தோட்டா உறையையும் நினைவுப் பொருளாக எடுத்துப் போக வேண்டாம்.